மாக் டிராஃப்ட் சிமுலேட்டரை வைத்து உங்கள் அணியின் பிக்குகளைத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில்தான் நடக்கும்; அதில் ஒவ்வொரு முறையும் ஒரு 'பிக்'. ஆனால் அணி தோற்று சீசன் முடிந்த மறுநாளே ரசிகர்கள் அந்தத் தேர்வைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் சிமுலேட்டரைத் திறந்துவிடுவார்கள். அணியைத் தேர்ந்தெடுத்து ஏழு சுற்றும் ஓட்டுவார்கள். கடைசியில் வரும் 'ஏ பிளஸ்' மதிப்பெண்ணைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அப்புறம் மறுபடி ஓட்டுவார்கள். இப்படி எத்தனை முறை ஓட்டினாலும் டிராஃப்ட் இரவில் அணி என்ன செய்யப் போகிறது, ஏன் செய்கிறது என்பது மட்டும் பிடிபடாது.

சிமுலேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்ட இடத்துக்கான (position) ஆளை இப்போது எடுக்காமல் விட்டால், என் அடுத்த பிக் வரும்போது என்ன மிஞ்சியிருக்கும்? கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு நம்பகமான பதிலை வாங்குவதற்காகத்தான். உதாரணத்துக்கு நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் 2025 டிராஃப்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் முடிவு நமக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு படியையும் சரிபார்க்க முடியும்.

1. பிக் எண்களைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

32 அணி, ஏழு சுற்று. அப்படியானால் 224 பிக் வர வேண்டும். 2025இல் வந்தது 257. முந்தைய ஆண்டு ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிக்குப் போகும் முறை) வீரர்களை இழந்த அணிகளுக்கு ஈடாகத் தரப்படும் கூடுதல் பிக்குகள் மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் சேரும். அதனால் நான்காம் சுற்றிலிருந்து எண்கள் நகர்ந்துவிடும். இந்தக் கூடுதல் பிக்குகள் அறிவிக்கப்படும் முன் ஓட்டும் சிமுலேஷனில் பின் சுற்று எண்கள் தோராயமானவையே.

பேட்ரியாட்ஸ் 2024 சீசனை 4 வெற்றி, 13 தோல்வியோடு முடித்தது. அதிகம் தோற்ற அணிக்கே முதல் பிக்; கடைசி வாரத்தில் பஃபலோ பில்ஸை வென்றதால் அது கைநழுவி நான்காம் இடத்துக்கு இறங்கியது. அதன் முதல் நான்கு பிக்குகள் 4, 38, 69, 77. இதில் 77 அதன் சொந்த பிக் கிடையாது; 2024 ஆகஸ்டில் வீரர் மேத்யூ ஜூடானை அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு அனுப்பி வாங்கியது.

இப்படி வந்த பிக்குகளும் போன பிக்குகளும் சிமுலேட்டரில் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதிதாக நடந்த டிரேடுகள் (அணிகளுக்குள் நடக்கும் பரிமாற்றங்கள்) சில நாள் கழித்துத்தான் உள்ளே ஏறும். 38க்கும் 69க்கும் நடுவில் இல்லாத ஒரு பிக்கை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் அத்தனையும் வீண்.

2. தேவைப் பட்டியலை நீங்களே போடுங்கள்

சிமுலேட்டரில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தேவைப் பட்டியல் இருக்கும். 32 அணிகளுக்கும் சேர்த்துப் போட்டது அது. உங்கள் அணியை நீங்கள் கவனிக்கும் அளவுக்கு அதைப் போட்டவர் கவனித்திருக்க மாட்டார்.

இரண்டு பத்தி போடுங்கள். முதலாவதில் இந்த செப்டம்பரில் சீசன் தொடங்கும்போது ஆள் இல்லாத இடங்கள். இரண்டாவதில் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் முடிகிற, வயதாகிற, காயத்திலிருந்து மீளாத ஆட்கள் இருக்கும் இடங்கள். டிராஃப்ட் ஆகும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமையும் அணிக்கு உண்டு. அதனால் அணிகள் இந்த ஆண்டு ஓட்டையை மட்டும் பார்த்து எடுப்பதில்லை.

இரண்டாம் பத்தியை விட்டவர்கள் 2024இல் திகைத்துப் போனார்கள். ஃபால்கன்ஸ் மார்ச்சில் கர்க் கஸின்ஸை நான்கு ஆண்டு, 18 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கூட்டி வந்தது. பட்டியல்களிலிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) தேவை நீங்கியது. ஏப்ரலில் அதே அணி எட்டாவது பிக்கில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கஸின்ஸுக்கு அப்போது வயது 35, முந்தைய அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தவர். இரண்டாம் பத்தியில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டியலை எப்போது எழுதுகிறீர்கள் என்பது. 2025 பிப்ரவரியில் பேட்ரியாட்ஸ் பட்டியல் நீளமானது: லெஃப்ட் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காப்பவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), எட்ஜ் (எதிர் குவார்ட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து தாக்குபவர்), டிஃபென்ஸ் (தடுப்பு) வரிசையின் மற்ற இடங்களான டிஃபென்சிவ் டேக்கிள், கார்னர்பேக், லைன்பேக்கர். மார்ச்சில் மில்டன் வில்லியம்ஸ், ஹேரல்ட் லாண்ட்ரி, கார்ல்டன் டேவிஸ், ராபர்ட் ஸ்பிலேன், மார்கன் மோசஸ், ஸ்டெஃபான் டிக்ஸ் என்று வரிசையாக ஆள் வந்தார்கள். டிஃபென்ஸ் ஓட்டைகள் பெரும்பாலும் அடைபட்டன. லெஃப்ட் டேக்கிள் மட்டும் காலியாகவே கிடந்தது. பிப்ரவரியில் ஓட்டுவது கை பழகுவதற்கு; திட்டம் போட மார்ச் கடைசி வரை பொறுத்திருங்கள்.

பத்து இடத்தையும் 'அவசரத் தேவை' என்று எழுதாதீர்கள். கட்டாயம் என்று மூன்று, கிடைத்தால் நல்லது என்று மூன்று. அதற்கு மேல் எழுதினால் எதை எடுத்தாலும் தேவை நிறைவேறியதாகத் தெரியும், அப்புறம் திட்டத்துக்கு வேலையே இல்லை.

3. வீரர்களை அடுக்குகளாகப் பிரியுங்கள்

பிக் போர்டு (big board, சுருக்கமாகப் போர்டு) என்பது யார் எவ்வளவு நல்ல வீரர் என்ற வரிசை. மாக் டிராஃப்ட் என்பது யார் எந்த இடத்தில் போவார் என்ற கணிப்பு. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது இங்கேதான். பெரும்பாலான சிமுலேட்டர்கள் போர்டை அடிப்படையாக வைத்தே மற்ற அணிகளுக்கு ஆள் எடுக்கின்றன.

இரண்டு மூன்று போர்டுகளைப் பக்கத்தில் வைத்து, உங்களுக்குக் கட்டாயமான மூன்று இடங்களுக்கு மட்டும் வீரர்களை அடுக்கடுக்காக எழுதுங்கள். முதல் நாளிலிருந்தே ஆடக்கூடியவர்கள் ஓர் அடுக்கு. ஓராண்டு பழக்கினால் ஆடுவார்கள் என்பவர்கள் அடுத்தது. மாற்று ஆட்டக்காரர்கள் மூன்றாவது. போர்டில் 41க்கும் 47க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஓர் அடுக்கின் கடைசி ஆளுக்கும் அடுத்த அடுக்கின் முதல் ஆளுக்கும் நடுவில்தான் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் எங்கே என்று தெரியாமல் அடுத்த படிகளைச் செய்ய முடியாது.

அடுக்குப் பிரிக்கும்போது ஒரே அளவீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) டேக்கிள் வில் கேம்பெல்லின் கை நீளம் கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாம்) 32⅝ அங்குலம் என்று பதிவானது. கல்லூரியே நடத்தும் சோதனை நாளான ப்ரோ டேயில் 33 அங்குலம். டேக்கிளுக்கு 33 வேண்டும் என்பது அணிகள் பரவலாகப் பார்க்கும் கோடு. அந்தக் கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசத்தை வைத்து அவரை கார்டு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) என்று பலர் மாற்றி எழுதினார்கள். உங்கள் அடுக்கில் பெயருக்குப் பக்கத்தில் 'கை நீளம்' என்று ஒரு குறிப்பு போட்டால் போதும். பெயரையே இடம் மாற்றும் முன், உங்கள் அணி முன்பு எடுத்த டேக்கிள்களின் அளவு என்ன என்று பாருங்கள்.

4. அமைப்புகளை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்

முதல் இருபது ஓட்டங்களை டிரேடு இல்லாமல், மூன்று சுற்றோடு, வேகத்தை முழுமையாக வைத்து ஓட்டுங்கள். டிரேடு இருந்தால் பிக் எண்களே மாறிவிடும். ஓர் ஓட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. மூன்றாம் சுற்றுக்கு அப்புறம் வருவது இப்போதைக்குத் தேவையில்லாத விவரம்.

தேவைக்கு எவ்வளவு எடை, போர்டுக்கு எவ்வளவு எடை என்ற அமைப்பு இருந்தால் நடுவில் வையுங்கள். முழுக்கத் தேவை பக்கம் தள்ளினால் அணிகள் ஓட்டையை அடைக்க மோசமான ஆளை முன்னால் எடுக்கும். முழுக்கப் போர்டு பக்கம் தள்ளினால் ஒவ்வொரு ஓட்டமும் அச்சடித்தது போல வரும். தற்செயல் அளவு நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். நிஜ டிராஃப்ட் எப்போதும் சிமுலேட்டரின் இயல்பு அமைப்பைவிடக் கோணலாகவே போகும்.

குவார்ட்டர்பேக்குகளைத் தனியாகக் கவனியுங்கள். உங்கள் அணிக்கு அந்தத் தேவை இல்லையென்றாலும் கவனிக்க வேண்டும், காரணம் இதுதான். 2024இல் முதல் 12 பிக்குகளில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். போர்டில் ஆறு பேரும் அவ்வளவு மேலே இல்லை. முதல் 14 பிக்கும் அஃபென்ஸ் (தாக்குதல்) வீரர்களே என்பதால், 15ஆம் இடத்தில் இருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு அந்த ஆண்டின் டிஃபென்ஸ் வீரர்கள் அத்தனை பேரிலும் யாரை வேண்டுமானாலும் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. எடுத்தது லையாட்டு லாட்டுவை. குவார்ட்டர்பேக்குகளைப் போர்டு வரிசைப்படியே அனுப்பும் சிமுலேட்டரில், 15ஆம் இடத்தில் இந்த வாய்ப்பு கண்ணிலேயே படாது. நடுப் பகுதியில் பிக் வைத்திருப்பவர்கள், குவார்ட்டர்பேக்குகள் கூடுதலாகப் போகும்படி சில ஓட்டங்களைக் கட்டாயம் ஓட்டுங்கள். எல்லா அணிகளையும் கையில் எடுத்துக்கொள்ள விடும் சிமுலேட்டராக இருந்தால், குவார்ட்டர்பேக் தேவையுள்ள இரண்டு அணிகளுக்கு நீங்களே ஆளுக்கொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

5. எடுக்கும் முன் குறியுங்கள்

ஒரு தாளில் உங்கள் பிக் எண்களைத் தலைப்பாக எழுதுங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் உங்கள் முறை வரும்போது, யாரையும் தொடும் முன், உங்கள் மூன்று கட்டாய இடங்களிலும் மிஞ்சியிருக்கும் சிறந்த ஆளின் பெயரையும் அடுக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு குறித்தால், எடுத்த ஆளை நியாயப்படுத்தும் கண்ணோடுதான் பட்டியலைப் பார்ப்பீர்கள்.

ஒரே அமைப்பில் இருபது ஓட்டம் போதும். மூன்று சுற்று என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்தப் படியில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு, பிடித்த வீரர் முன்னாலேயே போய்விட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அவர் கிடைக்காத ஓட்டங்கள் எல்லாம் தாளில் ஏறாமல் போய்விடும். கடைசியில் தாளைப் பார்த்தால் அவர் எப்போதும் கிடைப்பது போலவே இருக்கும். பிடிக்காத ஓட்டத்தையும் முடியுங்கள். உங்கள் திட்டத்துக்கு அதிகம் உதவுவது அந்த ஓட்டங்கள்தான்.

இருபதில் பதினான்கு முறை ஒருவர் மிஞ்சினார் என்றால் 70 சதவீத வாய்ப்பு என்று எழுத வேண்டாம். இருபது ஓட்டத்துக்குப் பின்னாலும் இருப்பது ஒரே போர்டு. 'பெரும்பாலும் இருப்பார்', 'பாதிக்குப் பாதி', 'இருக்க மாட்டார்' என்று மூன்றே வகை போதும்.

6. சரிவைக் கணக்கிடுங்கள்

இப்போது தாளில் உள்ளதை வைத்து ஒவ்வொரு கட்டாய இடத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் பிக்கில் கிடைக்கும் சிறந்த ஆளுக்கும், இரண்டாம் பிக்கில் மிஞ்சும் சிறந்த ஆளுக்கும் நடுவில் எத்தனை அடுக்கு சரிவு? சரிவு எங்கே அதிகமோ அந்த இடத்தை முதலில் எடுக்க வேண்டும். முதல் பிக்கில் இருக்கும் ஆட்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு 'யார் பெரிய ஆள்' என்று மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போகும்.

பேட்ரியாட்ஸ் கணக்கைப் பாருங்கள். 2025இல் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) வரிசை ஆழமானது, டேக்கிள் வரிசை மேலே மட்டுமே கெட்டி. டிராஃப்டில் நடந்தது இது: கேம்பெல் 4, அர்மாண்ட் மெம்பூ 7, கெல்வின் பேங்க்ஸ் 9. அப்புறம் நீண்ட இடைவெளி. ஜாஷ் கானர்லி 29, ஜாஷ் சிமன்ஸ் 32. பேட்ரியாட்ஸின் அடுத்த பிக் 38 என்பதால், நான்கில் டேக்கிளை விட்டிருந்தால் ஐந்து பேரும் கைவிட்டுப் போயிருப்பார்கள்.

ரன்னிங் பேக்கில் ஆஷ்டன் ஜென்டி 6, ஒமாரியன் ஹாம்ப்டன் 22, குவின்ஷான் ஜட்கின்ஸ் 36. மூன்று பேர் போன பிறகும் 38இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டிரேவியான் ஹெண்டர்சன் இருந்தார். பேட்ரியாட்ஸ் அவரை எடுத்தது. 69இல் ரிசீவர் கைல் வில்லியம்ஸ்.

நான்கில் கேம்பெல்லைவிட ஜென்டி நல்ல வீரர் என்று நினைத்த ரசிகர்கள் நிறைய. அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஜென்டியை எடுத்து 38இல் ஆறாவது டேக்கிளை எடுப்பதையும், கேம்பெல்லை எடுத்து 38இல் ஹெண்டர்சனை எடுப்பதையும் ஜோடியாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். இப்படி ஜோடியாகப் பார்க்கப் பழகிவிட்டால் அணி எடுக்கும் முடிவுகள் பாதி புரிந்துவிடும்.

எனவே திட்டத்தை ஜோடிகளாகவே எழுதுங்கள். 'டேக்கிள், பிறகு ரன்னிங் பேக்'. 'எட்ஜ், பிறகு ரிசீவர்' என்பது போல மூன்று ஜோடி. ஒவ்வொன்றையும் ஐந்தாறு ஓட்டங்களில் வேண்டுமென்றே செய்து பார்த்து, மூன்றாம் பிக்கில் நிலைமை என்ன ஆகிறது என்று குறியுங்கள்.

7. 'திருட்டு' என்று தெரிவதைச் சந்தேகியுங்கள்

எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகக் கிடைக்கும் நல்ல வீரரைத்தான் 'திருட்டு' என்பார்கள். போர்டில் 20ஆம் இடத்தில் உள்ளவர் ஒவ்வோர் ஓட்டத்திலும் 38இல் கிடைக்கிறார் என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். சிமுலேட்டரின் போர்டு அவரை மற்ற போர்டுகளைவிடக் கீழே வைத்திருக்கலாம், அல்லது அந்த இடம் எந்த அணியின் தேவைப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். வேறொரு சிமுலேட்டரில் அதே அமைப்போடு பத்து ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கிடைத்தால் திட்டத்தில் வையுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணும் இந்த வகைதான். பிக் எண்ணைவிடப் போர்டில் மேலே உள்ள ஆளை எடுத்தால் மதிப்பெண் ஏறும். அதாவது சிமுலேட்டர் தன் போர்டோடு நீங்கள் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்று சொல்கிறது. திட்டம் போடும்போது அதைப் பார்க்கவே வேண்டாம்.

மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் சிமுலேட்டருக்குத் தெரியாது. 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் போவார் என்று ஏராளமான மாக் டிராஃப்டுகள் சொல்லின. அவர் போனது ஐந்தாம் சுற்றில், 144ஆம் பிக்கில். போர்டை எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் இது வந்திருக்காது. கடைசி வாரத்தில் அணி வட்டாரங்களோடு பேசும் செய்தியாளர்கள் ஒருவரைப் பற்றிச் சேர்ந்தாற்போல மௌனமானால், அவரை உங்கள் அடுக்கில் ஒரு படி கீழே இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

8. டிரேடைக் கடைசியில் சேருங்கள்

சிமுலேட்டர் அணிகள் டிரேடில் ஏமாளிகள். நான்காம் சுற்று பிக்குகள் மூன்றைக் கொடுத்தால் இரண்டாம் சுற்று பிக்கைத் தூக்கிக் கொடுத்துவிடும். இதைப் பயன்படுத்திப் பதினைந்து பிக் சேர்ப்பது எளிது. அதை வைத்துத் திட்டம் போட முடியாது.

எந்த டிரேடையும் ஏற்கும் முன் மதிப்பு அட்டவணையில் கூட்டிப் பாருங்கள். டல்லாஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளராக இருந்த ஜிம்மி ஜான்சன் பெயரில் உள்ள அட்டவணையில் முதல் பிக் 3000 புள்ளி, இரண்டாவது 2600, ஐந்தாவது 1700. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 2025இல் ஐந்திலிருந்து இரண்டுக்கு ஏறி டிராவிஸ் ஹன்டரை எடுத்தது. இடைவெளி 900 புள்ளி. கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு அது கொடுத்த 36ஆம் பிக்கின் மதிப்பு 540. மீதியை நிரப்ப 2026 முதல் சுற்று பிக்கே போனது. அதோடு 126ஐயும் கொடுத்து, 104, 200 இரண்டையும் திரும்ப வாங்கியது. மூன்று படி ஏற இவ்வளவு செலவு. ஒப்பந்தத் தொகையை வைத்துக் கணக்கிட்ட புதிய அட்டவணைகள் இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குகளுக்கு இன்னும் கூடுதல் மதிப்பு தருகின்றன. இரண்டிலும் பார்ப்பது நல்லது. உங்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தால் அந்த டிரேடை விட்டுவிடுங்கள்.

எதிர் அணிக்குக் காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகத்தான் அணிகள் ஏறி வரும். 2025இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஜாக்ஸன் டார்ட்டுக்காக 34இலிருந்து 25க்கு ஏறியது; ஹியூஸ்டன் டெக்ஸன்ஸுக்கு 34, 99, 2026 மூன்றாம் சுற்று பிக் கிடைத்தன. 25ஆம் இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக் மிஞ்சியிருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் முறை வரும்போது அப்படி யாரும் மிஞ்சாத ஓட்டத்தில் கீழே இறங்கும் டிரேடு செய்ய வேண்டாம்.

9. பின் சுற்றுகளில் பெயரை விட்டு வகையை எழுதுங்கள்

100ஆம் பிக்குக்கு அப்புறம் போர்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அங்கே பெயர் குறிப்பது வீண் வேலை. 'ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) ஆடக்கூடிய ரிசீவர்', 'உயரமான டேக்கிள்' என்று வகையாக எழுதுங்கள். சிறப்பு அணி (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான) ஆட்களையும் மறக்காதீர்கள்: பேட்ரியாட்ஸ் 182இல் உதைப்பாளர் ஆண்டி பொரிகாலெஸையும், 251இல் லாங் ஸ்னாப்பர் (உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் எறிந்து கொடுப்பவர்) ஜூலியன் ஆஷ்பியையும் எடுத்தது. சிமுலேட்டரில் யாரும் தொடாத இடங்கள் அவை.

10. ஒரே தாளில் சுருக்குங்கள்

டிராஃப்ட் வாரத்தின் திங்கட்கிழமை புதிய போர்டோடு இன்னொரு பத்து ஓட்டம் ஓட்டி, எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். முதல் பிக்குக்கு மூன்று பெயர், வரிசையாக. மூவரும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி: இறங்குவதா, இரண்டாவது ஜோடிக்கு மாறுவதா? இரண்டாம், மூன்றாம் பிக்குகளுக்கு முதல் பிக்கைப் பொறுத்து இரண்டு வழி. அதற்கு மேல் கிளை பிரிக்க வேண்டாம், நேரலையில் தேட முடியாது.

வியாழன் இரவு முதல் சுற்று முடிந்ததும், போன 32 பேரையும் உங்கள் அடுக்கிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டாம் நாளுக்கென்று பல சிமுலேட்டர்கள் நிஜ முதல் சுற்றை ஏற்றித் தருவார்கள். வெள்ளி மாலைக்குள் இரண்டாம், மூன்றாம் சுற்றை மட்டும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

டிராஃப்ட் முடிந்த பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஒவ்வொரு பிக்கிலும் நிஜமாக மிஞ்சியிருந்தவர்களை, நீங்கள் குறித்த 'பெரும்பாலும் இருப்பார்' பட்டியலோடு வைத்துப் பாருங்கள். எந்த சிமுலேட்டர் எந்த இடத்து ஆட்களைத் தொடர்ந்து தாமதமாக அனுப்பியது என்று தெரியும். அதைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அமைப்புகளை மாற்ற உட்காரும்போது முதலில் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.